“ஆரிட்டயும் சொல்லிப்போடாதீங்க அக்கா”

வாசகர் கேள்வி – பதில்

சென்ற மாதம் வங்கிக் கணக்கு மோசடி பற்றி எழுதிய பிறகு வந்த கடிதங்களில் ஒரு கட்டைத் தனியே எடுத்து வைத்தேன். முதியோர் இல்லம், வீட்டுக்கு வந்து நோயாளியைப் பார்க்கும் சேவை, பிள்ளைகள் பராமரிப்பு நிலையம், உளவளத்துணை நிலையம் என்று மனிதரைப் பார்த்துக்கொள்வதையே தொழிலாகக் கொண்டவர்கள் எழுதியவை அவை. நான் 22 வருடமாக மட்டக்களப்பில் கணினி படிப்பித்தவள். என் அம்மாவின் கடைசி மூன்று வருடமும் ஓர் இல்லத்தில்தான் கழிந்தது. இந்த மாதப் பக்கம் முழுவதும் அவர்களுக்குத்தான்.

கேள்வி: நான் ஒரு முதியோர் இல்லத்தில வேலை செய்யிறன். வயசு 23. போன கிழமை ஒப்பிஸ் கொம்பியூட்டருக்குப் பார்சல் வந்திருக்கு எண்டு ஒரு ஈமெயில் வந்தது. எங்கட ஐயா ஒராளுக்கு வெளிநாட்டில இருந்து மகள் சாமான் அனுப்பிறவ. அதுதான் எண்டு நினைச்சு உள்ளுக்க இருந்த ஃபைலைத் திறந்தன். கறுப்பா ஒரு பெட்டி மின்னி மறைஞ்சுது. மறுகா எல்லாம் வழமை போலதான் இருக்கு. மேடத்துக்குத் தெரிஞ்சா வேலை போயிரும். அப்பா இல்ல, தம்பி ஏ.எல். படிக்கிறான். நான் என்ன செய்ய? ஆரிட்டயும் சொல்லிப்போடாதீங்க அக்கா.
– பெயரும் ஊரும் வேண்டாம் என்ற வாசகி

பதில்: தங்கச்சி, கடிதம் கிடைத்த அன்றே உங்களோடு பேசிவிட்டேன். நீங்கள் சரி என்ற பிறகுதான் இது அச்சுக்குப் போகிறது. உங்களைப் போல வேறு பிள்ளைகளும் இருப்பார்கள் என்பதால் போனில் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

முதல் வேலை, அந்தக் கொம்பியூட்டரை இணையத்திலிருந்து பிரிப்பது. பின்னால் செருகியிருக்கும் வயரைக் கழற்றுங்கள், வைஃபையை நிறுத்துங்கள். எதையும் அழிக்க வேண்டாம். அடுத்ததாக, மேடத்திடம் இன்றைக்கே சொல்லுங்கள். “இத்தனையாம் திகதி, இத்தனை மணிக்கு, இப்படி ஒரு மெயிலைத் திறந்தேன்” என்று மட்டும் சொன்னால் போதும். அந்த மெயிலையும் அழிக்காமல் காட்டுங்கள். அந்தக் கணினியில் திறந்த எல்லாக் கணக்குகளின் கடவுச்சொற்களையும் வேறொரு சுத்தமான கருவியில் இருந்து மாற்ற வேண்டும். வங்கிக் கணக்கு இருந்தால் அதைத்தான் முதலில்.

“எல்லாம் வழமை போலதான் இருக்கு” என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரிதான் என் நெஞ்சை உலுக்கியது. 2021இல் அயர்லாந்தின் அரச சுகாதார சேவையின் கணினிகள் நாடு முழுவதும் முடங்கின. அங்கே நடந்ததும் இதுதான். மார்ச் 18ஆம் திகதி ஓர் ஊழியர் மெயிலில் வந்த எக்செல் ஃபைல் ஒன்றைத் திறந்தார். அன்றைக்கு எதுவும் நடக்கவில்லை. திருடர்கள் சத்தமில்லாமல் உள்ளே இருந்து ஒவ்வொரு அறையாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். மே 14ஆம் திகதிதான் ஃபைல்களைத் திறக்க முடியாதபடி பூட்டி, திறப்பதற்குக் காசு கேட்டார்கள். இடையில் எட்டுக் கிழமை! நீங்கள் திறந்து எட்டு நாள்கூட ஆகவில்லை. சொல்வதற்கு இன்னும் காலம் இருக்கிறது.

இனி அந்த மேடத்துக்கும், அவரைப் போல இல்லம் நடத்துகிற எல்லோருக்கும். அந்த மெயில் ஏன் உங்கள் பிள்ளையின் கையில் பலித்தது என்று யோசித்துப் பாருங்கள். ஐயாவுக்கு மகள் சாமான் அனுப்புவா என்று அந்தப் பிள்ளைக்கு நினைவு இருந்தது. பார்சலுக்காக அவர் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்றும் அவளுக்குத் தெரிந்திருக்கும். அக்கறையில்லாத ஒருத்தி அந்த மெயிலைத் திறந்தே இருக்க மாட்டாள். எந்தக் குணத்துக்காக அவளை வேலைக்கு எடுத்தீர்களோ, அந்தக் குணத்தின் வழியாகத்தான் திருடன் உள்ளே வந்திருக்கிறான். அவளை ஏசி அனுப்பினால் அடுத்த பிள்ளை திறப்பதை நிறுத்தப் போவதில்லை, சொல்வதைத்தான் நிறுத்துவாள். எட்டாவது நாளில் தெரியவேண்டியது எட்டாவது கிழமையில்தான் உங்களுக்குத் தெரியவரும். “தவறி அமத்தினால் எந்த நேரமும் எனக்கு எடு, வேலை போகாது” என்று நீங்களே வாய் திறந்து சொல்லுங்கள். சொன்னபடி நடக்கவும் வேண்டும்.

(பிந்திய செய்தி: அந்தத் தங்கச்சி சொல்லிவிட்டாள். வேலையும் இருக்கிறது.)

கேள்வி: எங்கள் இல்லத்தில் 19 முதியவர்கள். ஒரு கொம்பியூட்டர்தான். எங்களைப் போல சின்ன இடத்தைத் தேடி யார் வந்து தாக்கப் போகிறான்? வந்தாலும் கேட்கிற காசைக் கொடுத்து முடித்துவிட்டால் என்ன? ஹார்ட் டிஸ்க்கில் எல்லாவற்றுக்கும் பிரதி எடுத்து வைத்திருக்கிறோம்.
– இல்ல நிர்வாகி, களுவாஞ்சிகுடி

பதில்: ஐயா, உங்களைத் தேடி யாரும் வரமாட்டார்கள் என்பது உண்மை. வாவியில் வீச்சுவலை எறிகிறவர் இன்ன மீன் என்று பேர் சொல்லியா எறிகிறார்? ஒரே மெயில் இலட்சம் பேருக்குப் போகிறது. திறந்தவர் அகப்படுகிறார். அது வங்கியா, 19 பேர் வாழும் வீடா என்று வலைக்குத் தெரியாது.

உங்கள் கடைசி வரியில்தான் நான் நின்றுவிட்டேன். அந்த ஹார்ட் டிஸ்க் இப்போது எங்கே இருக்கிறது? கொம்பியூட்டரில் செருகியபடியா?

என் அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்த பிறகு, என்னால் தூக்கிப் பார்க்க முடியாமல், ஓர் இல்லத்தில் விட்டிருந்தேன். நல்ல இடம், நல்ல மனிதர்கள். பெயர் தேவையில்லை. மருந்து விபரமெல்லாம் கையால் எழுதுகிறார்களே என்று, நானே ஓர் எக்செல் பக்கம் செய்து கொடுத்தேன். யாருக்கு எந்த மருந்து, எத்தனை மணிக்கு, கொடுத்தது யார். கொஞ்சக் காலத்தில் எழுதுகிற கொப்பி நின்றுபோனது. பிரதிக்கு ஒரு ஹார்ட் டிஸ்க்கும் வாங்கிப் பொருத்தினேன். “கழட்டாதீங்க, அது தானாவே சேமிக்கும்” என்று சொன்னதும் நான்தான்.

கார்த்திகை மாத அடைமழை. இரவு எட்டு மணி இருக்கும். இரவு டியூட்டிப் பிள்ளை போன் எடுத்தாள். “அன்ரி, அம்மாவுக்கு இண்டைக்கு மூண்டா, நாலா?” அம்மா இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுத்துக்கொண்டிருந்தா. ஒரு நாள் 3 மில்லிகிராம், மறுநாள் 4 மில்லிகிராம். கூடினால் இரத்தம் கசியும், குறைந்தால் திரும்பவும் அடைக்கும். “கொம்பியூட்டரில பார் பிள்ளை” என்றேன். “அதுதான் அன்ரி, ஒண்டும் திறக்குதில்ல. இங்கிலீசில என்னவோ எழுதிக் கிடக்கு.”

ஓட்டோ பிடித்துப் போனேன். எல்லா ஃபைலின் பெயருக்குப் பின்னாலும் ஒரு வால் முளைத்திருந்தது. திரையில் காசு கேட்டு ஓர் அறிவித்தல். எனக்குப் பெரிய பயம் வரவில்லை, பிரதிதான் இருக்கிறதே. ஹார்ட் டிஸ்க்கைத் திறந்தேன். அதிலும் ஒவ்வொரு பெயருக்கும் அதே வால். கொம்பியூட்டரைப் பூட்டியவன், அதில் செருகியிருந்ததையும் சேர்த்துப் பூட்டியிருந்தான்.

அம்மாவைக் காப்பாற்றியது அவவின் கிளினிக் கொப்பி. மண்ணிறக் கடதாசியில் உறை போட்ட எண்பது பக்கக் கொப்பி, சீலைப் பையின் அடியில் கிடந்தது. வைத்தியரின் கிறுக்கலில் அளவு இருந்தது. அட்டையில் மிஞ்சியிருந்த குளிசைகளை எண்ணி, இன்றைக்கு நாலு என்று கண்டுபிடித்தோம். மற்றவர்களுக்கு ஒவ்வொரு குடும்பமாகப் போன் எடுத்தோம். இரவு ஒரு மணி ஆயிற்று. ஆரும் இல்லாத இரண்டு பாட்டிமாருக்குக் கேட்க ஆளில்லை. சீனி வருத்தக்கார ஐயா ஒருவருக்கு ஊசி போட்டாயிற்றா இல்லையா என்று ஒருவருக்கும் தெரியவில்லை. தெரியாமல் இன்சுலினை இரண்டாம் முறை போட முடியுமா? போடாமலே விட்டார்கள். விடியச் சோதித்தபோது சீனி ஏறிப்போய் இருந்தது. அவர் தேறிவிட்டார். அந்த ஐயாவின் கட்டிலைக் கடந்து அம்மாவிடம் போகும்போதெல்லாம் எனக்குக் கால் கூசும்.

ஆகவே நான் உங்களுக்குச் சொல்வது மென்பொருளைப் பற்றி அல்ல. ஒவ்வொரு நாளும் மாலை, இரவு டியூட்டி மாறுவதற்கு முன், மருந்துப் பட்டியலைக் கடதாசியில் அச்செடுத்து மருந்து அலுமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். கொடுத்தவர் அதிலேயே பேனையால் ஒப்பமிடட்டும். குடும்பத்தாரின் தொலைபேசி இலக்கம், ஒவ்வாத மருந்து, பார்க்கும் வைத்தியசாலை எல்லாம் அதே கடதாசியில் இருக்க வேண்டும். கொம்பியூட்டர் ஒரு மாதம் இல்லாவிட்டாலும் 19 பேருக்கும் நேரத்துக்கு மருந்து போக வேண்டும். அது முடியுமென்றால் திருடனின் கையில் பாதிப் பலம் போய்விட்டது.

பிரதிக்கு இரண்டு ஹார்ட் டிஸ்க் வையுங்கள். ஒன்றில் சேமிக்கும்போது மற்றது உங்கள் வீட்டு அலுமாரியில் இருக்கட்டும். சேமித்து முடிந்ததும் கழற்றுங்கள், கிழமைக்கொரு முறை மாற்றுங்கள். மாதத்தில் ஒரு நாள் வேறொரு கொம்பியூட்டரில் செருகி, நாலைந்து ஃபைலைத் திறந்து பாருங்கள். இந்தக் கடைசி வேலையை யாரும் செய்வதில்லை. பிரதி இல்லாத இடம் சின்ன இடம் மட்டுமல்ல. 2023இல் எங்கள் அரசாங்கத்தின் மெயில் சேவையையே இதே விதமாகப் பூட்டினார்கள். அந்த வருடம் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரைக்குமான அரச மெயில்கள் போயே போய்விட்டன. அந்த மூன்று மாதச் சொச்சத்துக்கும் பிரதி இருக்கவில்லை.

காசு கொடுப்பது பற்றி: கொடுக்காதீர்கள். திருடன் திறப்பைத் தருவான் என்பதற்கு அவன் சொல்லைத் தவிர வேறு பிணை இல்லை. தந்தாலும் வீடு உடனே திறபடாது. மேலே சொன்ன அயர்லாந்தில், திருடர்கள் ஆறாம் நாளே காசில்லாமல் திறப்பைக் கொடுத்தார்கள். அப்படியிருந்தும் எல்லாவற்றையும் மீட்டு எடுக்கச் செப்டெம்பர் ஆயிற்று. உங்களுக்கு நடந்தால் திரையைப் படமெடுத்து வையுங்கள். 101க்கு எடுத்து, சேர்ட் எனப்படும் இலங்கையின் கணினி அவசரப் பிரிவிடம் சொல்லுங்கள். ‘நோ மோர் ரான்சம்’ என்றொரு தளம் இருக்கிறது. 2016இல் நெதர்லாந்துப் பொலிசும் ஐரோப்பியப் பொலிஸ் அமைப்பும் பாதுகாப்பு நிறுவனங்களோடு சேர்ந்து தொடங்கியது. சில வகைப் பூட்டுகளுக்கு அங்கே இலவசமாகத் திறப்பு கிடைக்கும். கொம்பியூட்டர் கடைத் தம்பி “போர்மட் அடிச்சுத் தாறன்” என்பார். பூட்டிய ஃபைல்களை வேறாக எடுத்து வைக்கும் வரை அதற்குச் சம்மதிக்காதீர்கள். இன்றைக்குத் திறப்பு இல்லாத பூட்டுக்கு ஒரு வருடத்தில் திறப்பு வரக்கூடும்.

கேள்வி: வீட்டில் படுக்கையாக இருப்பவர்களுக்கு ஆள் அனுப்பும் சேவை நடத்துகிறோம். எல்லாம் வாட்ஸ்அப்பில்தான். போன மாதம் சூம் கூட்டத்துக்கு அழைப்பதாக ஒருவர் பேசி, எங்கள் போனுக்கு வந்த ஆறு இலக்கத்தைக் கேட்டார். எங்கள் பிள்ளை சொல்லிவிட்டது. அதோடு வாட்ஸ்அப் எங்கள் கையை விட்டுப் போனது. கனடாவில் இருக்கும் ஒரு நோயாளியின் மகனுக்கு, “அம்மாவை அவசரமாக வைத்தியசாலைக்குக் கொண்டுபோகிறோம், இந்தக் கணக்குக்குப் போடுங்கள்” என்று எங்கள் பெயரில் செய்தி போய், அவர் 85,000 ரூபா போட்டுவிட்டார். வாட்ஸ்அப்பை மீட்டுவிட்டோம். எங்கள் பெயரை எப்படி மீட்பது?
– கல்முனை வாசகர்

பதில்: அந்த மகனுக்கு நீங்களே போன் எடுத்து, முகம் பார்த்துப் பேசுங்கள். செய்தியாக அனுப்பாதீர்கள். பிறகு உங்கள் பட்டியலில் உள்ள எல்லாக் குடும்பத்துக்கும், நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். மறைத்த செய்தி கல்முனையில் தெரியவர இரண்டு நாள் ஆகும் என்றால், கனடாவுக்குப் போக இரண்டு மணித்தியாலம் ஆகாது.

அந்த ஆறு இலக்கம் என்பது உங்கள் வாட்ஸ்அப்பை வேறொரு போனில் திறக்கும் சாவி. அதைக் கேட்டு வங்கியோ, அமைச்சோ, வாட்ஸ்அப் நிறுவனமோ எடுக்கமாட்டாது. செட்டிங்ஸில் அக்கவுண்ட் என்ற இடத்துக்குப் போய் டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷனை இயக்கி, உங்களுக்கு மட்டும் தெரிந்த இன்னொரு ஆறு இலக்கத்தைப் போடுங்கள். அதன்பின் குறுஞ்செய்தியில் வரும் இலக்கம் மட்டும் கிடைத்து ஒருவனும் உள்ளே வர முடியாது. லிங்க்ட் டிவைசஸ் என்ற பகுதியையும் திறந்து பாருங்கள். உங்களுக்குத் தெரியாத கருவி ஏதும் இருந்தால் உடனே வெளியேற்றுங்கள்.

குடும்பங்களோடு ஓர் ஒப்பந்தம் செய்யுங்கள்: வங்கிக் கணக்கு மாறியது என்றோ, அவசரக் காசு என்றோ செய்தி வந்தால், பழகிய இலக்கத்துக்குப் போன் எடுத்துக் குரல் கேட்காமல் ஒரு சதமும் போடக்கூடாது. வெளிநாட்டுப் பிள்ளைகளின் நெஞ்சில் எப்போதும் ஒரு குற்ற உணர்வு இருக்கிறது. அம்மாவுக்குப் பக்கத்தில் நான் இல்லையே என்ற அந்த நோவைத் தொட்டுத்தான் திருடன் எழுதுகிறான். நேரம் கொடுக்காமல் அவசரப்படுத்துவதும் அதற்குத்தான்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் கேட்காத ஒன்று என்னைக் கூடுதலாகக் கவலைப்படுத்துகிறது. “எல்லாம் வாட்ஸ்அப்பில்தான்” என்றால், எந்த வீட்டில் பாட்டி தனியே இருக்கிறா, திறப்பு எந்தப் பூச்சாடிக்குக் கீழே, படலையின் கொக்கியை எப்படித் தூக்குவது என்பதெல்லாம் அந்தக் குழுவில் இருக்குமே? வாட்ஸ்அப் அவனிடம் இருந்த நேரத்தில் குழுவுக்குள் வந்த எல்லாவற்றையும் அவன் பார்த்திருப்பான். பழையதைப் பிள்ளைகளிடமே கேட்டு வாங்கியும் இருக்கலாம்.

இங்கிலாந்தில் 2022 ஆகஸ்டில் நடந்தது இது. அட்வான்ஸ்ட் என்ற மென்பொருள் நிறுவனம் அங்குள்ள தேசிய சுகாதார சேவைக்கும் பராமரிப்பு இடங்களுக்கும் கணினி வேலை செய்து வந்தது. கடவுச்சொல்லுக்கு மேல் இரண்டாவது உறுதிப்படுத்தல் கேட்காத ஒரு கணக்கின் வழியாகத் திருடர்கள் நுழைந்தார்கள். 79,404 பேரின் விபரம் போனது. அதில் 890 பேர் வீட்டிலேயே பராமரிக்கப்படுபவர்கள். அவர்களின் வீட்டுக்குள் எப்படிப் போவது என்ற விபரமும் சேர்ந்து போனது. 2025 மார்ச்சில் அந்நாட்டுத் தகவல் ஆணையாளர் 30 இலட்சத்து 70 ஆயிரம் பவுண் தண்டம் விதித்தார். தண்டத்தைவிட அந்த 890 பேரின் இரவுகளைத்தான் நான் நினைக்கிறேன். கட்டிலில் இருந்து எழும்ப முடியாதவர், கதவின் இரகசியம் வெளியே போய்விட்டது என்று தெரிந்தபின் எப்படிக் கண்மூடுவார்?

திறப்பு இருக்கும் இடத்தைக் குழுவில் எழுதாதீர்கள். போகும் பிள்ளைக்கு வாயால் சொல்லுங்கள். நடந்ததற்குப் பிறகு அந்த வீடுகளின் திறப்பு வைக்கும் இடத்தை இன்றைக்கே மாற்றச் சொல்லுங்கள். படுக்கைப்புண் படத்தை வைத்தியருக்கு மட்டும் அனுப்பி, அலுவல் முடிந்ததும் அழியுங்கள். எங்கள் நாட்டிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. உடல்நல விபரத்தை அது விசேட வகையாகவே வைத்திருக்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். உங்கள் அம்மாவின் புண்ணை இருபது பேர் இருக்கும் குழுவில் போட விடுவீர்களா?

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும். சின்னப் பிள்ளைகளைப் பகலில் பார்க்கும் நிலையம் வைத்திருக்கிறேன். 26 பிள்ளைகள். உம்மாமார் வேலைத்தளத்தில் இருந்து பார்க்கலாம் என்று கமரா பூட்டி, எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டைக் கொடுத்திருக்கிறேன். இதில் பிழை உண்டா?
– அக்கரைப்பற்று சகோதரி

பதில்: வ அலைக்கும் ஸலாம். உம்மாமாரின் மனம் ஆறட்டும் என்று செய்திருக்கிறீர்கள், அது நல்லது. ஆனால் 26 வீட்டில் ஒரே திறப்பு இருக்கிறது. பிள்ளையை நிற்பாட்டிப் போனவர்களிடமும் அது இருக்கிறது. வாப்பாவும் உம்மாவும் பிரிந்து வழக்கு நடக்கும் வீடும் அதில் ஒன்றாக இருக்கலாம்.

கமரா பூட்டிய தம்பி போட்ட பாஸ்வேர்டு இன்னும் அப்படியே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 2016இல் மிராய் என்ற நச்சு நிரல், தொழிற்சாலையில் இருந்து வரும்போதே போட்டிருக்கும் 60 சொச்சம் பெயர்–பாஸ்வேர்டு சோடிகளை மட்டும் வைத்துக்கொண்டு, உலகம் முழுக்கக் கமராக்களையும் ரவுட்டர்களையும் இலட்சக்கணக்கில் பிடித்தது. சாவியை உடைக்கவில்லை. கதவில் தொங்கியதை எடுத்துத் திறந்தது, அவ்வளவுதான்.

ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனிக் கணக்கு கொடுங்கள். பிள்ளை விலகும் நாளில் அதை மூடுங்கள். கமராவின் மென்பொருளைப் புதுப்பிக்கச் சொல்லுங்கள். கமராவுக்கு ஒரு வைஃபை, ஒப்பிஸ் கொம்பியூட்டருக்கு வேறு வைஃபை என்று ரவுட்டரில் பிரித்துத் தரச் சொன்னால், ஒன்றில் நுழைந்தவன் மற்றதுக்கு எளிதில் தாவ முடியாது. பிள்ளைகள் உடுப்பு மாற்றும் இடமும், படுக்கும் பாயும் கமராவின் கண்ணில் படுகிறதா என்று பாருங்கள். பட்டால் இன்றைக்கே திருப்பிவிடுங்கள். மற்ற எல்லாவற்றையும் ஆறுதலாகச் செய்யலாம், இதை அல்ல.

கேள்வி: உளவளத்துணை நிலையத்தில் தொண்டராக இருக்கிறேன். வருபவர்கள் சொல்வதையெல்லாம் இணையத்தில் ஒரு பொதுக் கோப்பில் எழுதி வைக்கிறோம். பாதுகாப்பா?
– செங்கலடி வாசகி

பதில்: பாதுகாப்பில்லை மகள். பின்லாந்தில் வஸ்தாமோ என்றொரு உளவளச் சிகிச்சை நிறுவனம் இருந்தது. அதன் தரவுத்தளம் கடவுச்சொல் இல்லாமல் இணையத்துக்குத் திறந்து கிடந்தது. 2020 ஒக்டோபரில் திருடன் நிறுவனத்தை மட்டும் மிரட்டவில்லை. சிகிச்சைக்கு வந்தவர்களுக்கும் தனித்தனியே எழுதினான்: 200 யூரோ கட்டு, இல்லாவிட்டால் நீ சிகிச்சையாளரிடம் சொன்னதை ஊருக்குச் சொல்வேன் என்று. பாதிக்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 33,000 பேர். அடுத்த வருடமே நிறுவனம் வங்குரோத்து ஆனது.

எங்கள் ஊரில் போரைக் கண்டவர்களும் 2004 கடலைக் கண்டவர்களும் உங்கள் முன்னால் வந்து இருக்கிறார்கள். இருபது வருடம் புருஷனுக்கும் சொல்லாததை உங்களிடம் சொல்கிறார்கள். அதை எழுதாமலே விட முடியுமா என்று முதலில் பாருங்கள். எழுதாதது களவு போகாது. அடுத்த சந்திப்புக்குத் தேவையான இரண்டு வரி போதும். பெயருக்குப் பதில் ஓர் இலக்கம் போடுங்கள். எந்த இலக்கம் யார் என்பது பூட்டிய லாச்சியில் ஒரு கொப்பியில் இருக்கட்டும். பொதுக் கோப்பை யார் யார் திறக்கலாம் என்ற பட்டியலை இன்று பாருங்கள். “இணைப்பு உள்ள எவரும்” என்று இருந்தால் உடனே மாற்றுங்கள். தொண்டராக இருந்து விட்டுப் போனவர்களின் பெயர்கள் இன்னும் இருக்கும், அவற்றை எடுங்கள்.

கேள்வி: கடையில் 1,500 ரூபாவுக்கு விண்டோஸ் போட்டுத் தந்தார்கள். அப்டேட்டை நிறுத்தியும் விட்டார்கள். வைரஸ் காட் இருக்கிறதுதானே, போதாதா?
– மருந்தகமும் சிறு சிகிச்சை நிலையமும் நடத்துபவர், வாழைச்சேனை

பதில்: போதாது. 2017 மே மாதம் வொன்னாக்ரை என்ற நச்சு நிரல் இங்கிலாந்து வைத்தியசாலைகளை முடக்கியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச்சிலேயே வந்துவிட்டது. போடாதவர்கள்தான் அகப்பட்டார்கள். 1,500 ரூபாவுக்குப் போட்டது உரிமம் இல்லாத களவு விண்டோஸாகத்தான் இருக்கும். அதில் அப்டேட்டை நிறுத்துவது, குட்டு வெளிப்படாமல் இருக்க. அந்தக் களவு மென்பொருளுக்குள்ளேயே வேறொரு களவும் ஒளிந்து வரலாம். விண்டோஸ் 10 என்றால், அதற்கான வழக்கமான ஆதரவும் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்தது. சிகிச்சை நிலையத்துக்குச் செய்யும் செலவில் உரிமமுள்ள விண்டோஸையும் ஒரு உபகரணமாகக் கணக்கில் எடுங்கள். முடியாவிட்டால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போடுங்கள், அது இலவசம். பில் அடிக்கவும் பெயர் எழுதவும் அது தாராளம்.

கேள்வி: எனக்கு 58 வயது. இல்லத்தின் பாஸ்வேர்டுகளை நினைவில் வைக்க முடியவில்லை. கொப்பியில் எழுதக்கூடாது என்று மகன் ஏசுகிறான். எல்லாவற்றுக்கும் என் அடையாள அட்டை இலக்கத்தையே போட்டிருக்கிறேன்.
– மேற்பார்வையாளர், ஆரையம்பதி

பதில்: கொப்பியில் எழுதுங்கள். மகனுக்கு நான் சொன்னதாகச் சொல்லுங்கள். ரஷ்யாவில் இருந்து ஒருவன் உங்கள் லாச்சியைத் திறக்க முடியாது. ஆனால் உங்கள் அடையாள அட்டை இலக்கம் மருந்தகத்தில் இருந்து வங்கி வரை எல்லாக் கடதாசியிலும் கிடக்கிறது, அதை இன்றைக்கே மாற்றுங்கள். தொடர்பில்லாத நாலு சொல்லைச் சேர்த்து, நீளமாகப் போடுங்கள். ஒவ்வொரு கணக்குக்கும் வேறு வேறாக இருக்கட்டும். மெயிலுக்கும் வங்கிக்கும் போனில் இரண்டாவது உறுதிப்படுத்தலை மகனிடம் சொல்லி இயக்குங்கள், அவருக்கும் கோபம் தணியும்.

கொப்பியை மேசையில் போடாமல், ஆபத்தான மருந்துகள் பூட்டும் அலுமாரிக்குள் வையுங்கள். அதன் திறப்பு ஏற்கெனவே உங்கள் இடுப்பில்தானே இருக்கும். ஊழியர் ஒருவர் வேலையை விட்டு நிற்கும் நாளில் சீருடையையும் கதவுத் திறப்பையும் திருப்பி வாங்குவீர்கள். அந்த மேசையில் வைத்தே கொப்பியைத் திறந்து, அவருக்குத் தெரிந்த பாஸ்வேர்டுகளை வெட்டிப் புதிதாக எழுதுங்கள். அவர் எவ்வளவு நல்ல பிள்ளையாக இருந்தாலும்.